அம்மன் படகு இடிக்காது

எங்கள் குப்பத்தில் மாசி மகத்தன்று நடக்கிற படகு ஊர்வலத்துக்கு எத்தனை வயது என்று கேட்டால், ஆம்பளைகள் எல்லாரும் ஒரே குரலில் "ஆயிரம் வருஷம்" என்பார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்த யூடியூப்காரர்களிடம் ஒருத்தர் இரண்டாயிரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பொய் சொல்கிற ஆள் முதலில் ஒளித்துவைப்பது கண்ணைத்தான்.

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம். அங்கன்வாடி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். சத்துமாவு மூட்டை வந்தால் எடை போட்டுப் பார்க்காமல் உள்ளே விட்டதில்லை. வயிறு வலிக்கிறது என்று ஒரு குழந்தை அழுதால், எந்தப் பக்கம், எப்போதிலிருந்து, காலையில் என்ன தின்றாய் என்று கேட்டு முடிப்பதற்குள் பாதி வலி ஓடிவிடும். என் வீட்டுக்காரர் சொல்வார்: "ஒங்கிட்ட ஒரு சொம்பு தண்ணி குடுத்தா, எந்தக் கொழாய்ல புடிச்சதுன்னு கேப்ப." கேட்பேன்தான். கேட்டால் என்ன தப்பு?

ஆகவே ஊர்வலத்தின் கதையையும் நான் பார்த்தபடிதான் சொல்வேன். நான் கல்யாணமாகி இந்தக் குப்பத்துக்கு வந்தபோது ஊர்வலமும் இல்லை, அலங்காரமும் இல்லை. மாசி மகத்தன்று மேற்கே இருக்கிற ஊர்ச் சாமிகள் டிராக்டரில் ஏறித் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வரும். நனைந்துவிட்டுத் திரும்பிப் போகும். எங்கள் அம்மன் மட்டும் கடலுக்குள்ளேயே போவாள். இரண்டு கட்டுமரத்தைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, வேப்பிலை சுற்றிய கலசத்தை வைத்து, அலை உடைகிற இடத்தைத் தாண்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவருவார்கள். அவ்வளவுதான். கட்டுமரத்தில் சீரியல் லைட்டை எங்கே மாட்டுவது?

அப்புறம் சுனாமி வந்தது. கட்டுமரங்களை வாரிக்கொண்டு போனது. யார் யாரோ வந்து பைபர் படகு கொடுத்தார்கள். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சும்மா கொடுப்பார்களா? ஒவ்வொரு படகின் இரண்டு பக்கத்திலும் கொடுத்தவர் பெயர், கோவில் யானை அளவுக்கு எழுத்தில். அந்த வருஷ மாசி மகத்துக்குக் கலசத்தை ஏற்றப் போனபோதுதான் எல்லாருக்கும் உறைத்தது. யாரோ ஒருத்தர் பெயர் போட்ட படகில் அம்மனை எப்படி உட்காரவைப்பது? பெயிண்ட் அடித்து அழித்தால் கொடுத்தவர்கள் மனசு புண்படும். ஆம்பளைகள் மண்டையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். பொம்பளைகள் நாங்கள்தான் ஆளுக்கொரு பட்டுப்புடவையை எடுத்து வந்து இரண்டு பக்கமும் தொங்கவிட்டு எழுத்தை மறைத்தோம். என் முகூர்த்தப் புடவையும் அதில் ஒன்று. உப்புத் தண்ணீர் பட்டுச் சரிகை கறுத்துப்போனது.

அடுத்த வருஷம் பக்கத்துப் படகுக்காரரும் புடவை தொங்கவிட்டார். அதற்கடுத்த வருஷம் வாழை மரம், கலர் பேப்பர். அப்புறம் தெர்மாகோல், ஜெனரேட்டர், சீரியல் லைட். ஒரு வருஷம் ராக்கெட் செய்து வாலில் புகை விட்டார்கள். கடலோரப் போலீஸ் வந்து எல்லாரும் லைப் ஜாக்கெட் போட வேண்டும் என்றதும், அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டுக்கும் கதம்பம் சுற்றிவிட்டார்கள். அலங்கார ஊர்வலம் பிறந்த கதை இதுதான். பெயரை மறைக்கப் பிறந்தது. ஆம்பளைகளிடம் சொன்னால், "டீச்சரம்மாவுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று சிரிப்பார்கள்.

அலங்காரம் வந்த கையோடு போட்டியும் வந்தது, போட்டி வந்த கையோடு ஒளிவுமறைவும் வந்தது. பொங்கல் முடிந்தால் போதும், ஒவ்வொரு படகும் தார்ப்பாய்க்குள் போய்விடும். உள்ளே அன்னமா, மயிலா, கப்பலா என்று மகத்தன்று சாயங்காலம் வரைக்கும் வெளியே தெரியக் கூடாது. ஆனால் தெரிந்துகொள்ளாமல் யாருக்குத் தூக்கம் வரும்? மீன் கூடையை இறக்கிவைக்கிற சாக்கில் ஒருத்தி குனிந்து பார்ப்பாள். ஆட்டைத் தேடுகிற சாக்கில் ஒருத்தன் தார்ப்பாயைத் தூக்குவான். எனக்கு அந்த மாதங்கள் பிடிக்கும். மொத்தக் குப்பமும் என்னைப் போலவே ஆகிவிடும்.

ஊர்வலத்தில் முதலில் போவது அம்மன் படகு. பூசாரியும் மேளக்காரர்களும் அதில்தான் ஏறுவார்கள். அதற்குச் சுக்கான் பிடிக்கிற உரிமை எங்கள் வீட்டோடது. என் மாமனார் பிடித்தார், அவருக்குப் பிறகு என் வீட்டுக்காரர். அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். மகன் இல்லாவிட்டால் வேறு வீட்டுக்குப் போய்விடும், திரும்பி வராது. எங்களுக்கு ஒரே மகள், வானூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஆகவே அவர் கை ஓய்கிற அன்றைக்கு எங்கள் வீட்டுச் சுக்கானும் ஓயும். காப்புக் கட்டிக்கொண்டு, மஞ்சள் வேட்டியோடு, படகின் பின்பக்கத்தில் அவர் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கே கொஞ்சம் கர்வமாக இருக்கும். அவரிடம் சொன்னதில்லை.

அந்தப் படகுக்கு ஒரு விதி உண்டு. அம்மன் படகு யாருக்கும் ஒதுங்காது; மற்ற படகுகள்தான் ஒதுங்க வேண்டும். "அம்மன் படகு இடிக்காது, இடிபடும்" என்பார்கள் எங்கள் பக்கம். அதாவது அதன்மேல் எது மோதினாலும் தப்பு மோதியவனுடையது, பேச்சே கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

போன வருஷம் இடித்தது. ஊர்வலம் வடக்கே முகத்துவாரத்துக்கு நேராகப் போய்த் திரும்புகிற இடத்தில், எங்கள் படகும் எங்களோடு ஊர்வலத்தில் சேர்கிற வடக்குக் குப்பத்துக்காரர் ஒருத்தருடைய படகும் மோதிக்கொண்டன. அவர் செய்துவந்த தெர்மாகோல் அன்னத்தின் கழுத்து முறிந்து கடலில் விழுந்தது. எங்கள் படகில் கலசம் சாய்ந்தது. பூசாரி தாவிப் பிடித்திருக்காவிட்டால் அதுவும் போயிருக்கும். கரையில் நின்ற நாங்கள் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டோம். எங்கள் படகில் செய்திருந்த மயிலுக்குக் கைதட்டல் விழுந்தது பொறுக்காமல் வேண்டுமென்றே இடித்துவிட்டார் என்று குப்பம் முழுக்கப் பேச்சு. நானும் பேசினேன். சின்னக் குரலில் பேசுகிறவள் இல்லை நான்.

அவர் மனைவி என் அங்கன்வாடியில் வருஷக்கணக்காகச் சமைத்தவள். அவள் ஓடிவந்து, "டீச்சர், அவரு அப்பிடிப்பட்ட ஆளு இல்ல டீச்சர், உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "யாரு எப்பிடிப்பட்ட ஆளுன்னு யாருக்குத் தெரியும்?" என்றேன் நான்.

பஞ்சாயத்துக் கூடியது. அந்த மனிதர் இரண்டு கையிலும் உப்பை அள்ளிச் சத்தியம் செய்தார். உப்பளத்துப் பக்கத்தில் உப்பின் மேல் பொய்ச் சத்தியம் செய்தால் கண் போய்விடும் என்பார்கள். "நான் ஒதுங்கித்தான் போனேன். அவருதான் எம்மேல வந்தாரு" என்றார். பஞ்சாயத்தார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அம்மன் படகு எப்படி இடிக்கும்? என் வீட்டுக்காரரைப் பார்த்து நீ எந்தப் பக்கம் திருப்பினாய், அந்தப் படகைப் பார்த்தாயா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தப்பை ஒத்துக்கொண்டு அம்மன் முன்னால் விழுந்து கும்பிடுகிற வரைக்கும் அவர் படகு ஊர்வலத்தில் இறங்கக் கூடாது என்று தீர்த்துவிட்டார்கள். செய்யாத தப்புக்கு விழ மாட்டேன் என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வைகாசியில் அவர் மகளுக்குக் கல்யாணம். எங்கள் குப்பத்திலிருந்து ஒரு காக்கை குருவி கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் நடவடிக்கை மாற ஆரம்பித்தது.

முதலில் தண்ணீர்ச் சொம்பு. சாப்பிடும்போது பக்கத்தில் வைக்கிற சொம்பைக் கை பட்டுத் தட்டிவிடுவார். ஒருநாள் என்றால் சரி. அடிக்கடி தட்டினால்? பாண்டிச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது, சரக்குக்கா பஞ்சம்? குனிந்து வாயை மோந்து பார்த்தேன். பீடி வாசனைதான் வந்தது. "இன்னாடி மோந்து பாக்குற, நான் இன்னா கருவாடா?" என்றார்.

அப்புறம் பைக். உப்பளம் ஓரமாக ரோட்டில் கொட்டிவைத்திருந்த உப்புக் குவியலில் கொண்டுபோய் விட்டார். முழங்காலில் சிராய்ப்பு, உடம்பெல்லாம் உப்பு. கேட்டதற்கு நாய் குறுக்கே வந்தது என்றார். எந்த நாய், என்ன நிறம் என்று கேட்டேன். முறைத்தார். மறுநாளிலிருந்து பைக்கைத் தொடவே இல்லை. எங்கே போனாலும் பஸ். வண்டி வீட்டில் இருக்கும்போது ஒரு ஆம்பளை எதற்குப் பஸ்ஸில் போக வேண்டும்? பக்கத்து சீட்டில் யார் உட்காருகிறார்கள்?

அப்புறம் போன். மணி அடித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். முருங்கை மரத்தடியில் நின்று பேசுவது ஜன்னலில் கேட்கும். "செரிம்மா... வர்றேம்மா... வூட்ல யாருக்கும் சொல்லலம்மா." எந்த அம்மா? இந்த வயதில் இவரை வரச் சொல்கிற அம்மா யார்? கிளியனூரில் ஒருத்தி இருக்கிறாள், முன்னே இவருக்குப் பெண் பார்த்து அமையாமல் போனவள், இப்போது வீட்டுக்காரன் இல்லாமல் இருக்கிறாள் என்று கேள்வி. என் புத்தி எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் போய்விட்டு வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, பேசும்போது என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால், எதிரே இருக்கிற சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார். எனக்கு வேறு சாட்சி எதற்கு?

இந்த வருஷம் மகத்துக்கு ஒரு வாரம் இருக்கும். அம்மன் படகில் கண்ணில் சிவப்பு பல்பு எரிகிற சிங்கம் தயாராகிக்கொண்டிருந்தது. காலையில் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, "பல்பு வாங்கிட்டு வர்றேன்" என்று கிளம்பினார். பல்பு மரக்காணத்திலேயே கிடைக்கும். தேய்த்த சட்டை எதற்கு? முக்காடு போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். பஸ்ஸில் அவர் முன் வாசலில் ஏறினார். நான் பின் வாசலில் ஏறினேன். உப்பளம் முழுக்க வெயில் அடித்து வெள்ளையாகக் கண்ணைப் பறித்தது. கூனிமேட்டில் நிறையப் பேர் ஏறினார்கள், அவர்களுக்குப் பின்னால் நன்றாக மறைந்துகொண்டேன். மனசுக்குள் அந்தக் கிளியனூர்க்காரியோடு சண்டையை ஆரம்பித்து முக்கால்வாசி முடித்தும் விட்டேன்.

அவர் இறங்கியது பாண்டிச்சேரியில். கடைத்தெருவுக்குள் போகவில்லை. சுவரை ஒட்டியே நிதானமாக நடந்து ஒரு பெரிய கட்டிடத்துக்குள் போனார். போர்டைப் பார்த்தேன். கண் ஆஸ்பத்திரி.

உள்ளே வரிசையாக நாற்காலி. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. சரி, அவள் பிறகு வருவாளாக்கும் என்று கொஞ்ச நேரம் தூண் மறைவில் நின்றேன். ஒருத்தியும் வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போய் அவருடைய வலது பக்கத்தில், தோளுக்கு ஒரு முழம் தள்ளி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். முக்காட்டையும் எடுத்துவிட்டேன். என்னைக் கண்டதும் அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

அவர் திரும்பவில்லை. எதிரே சுவரில் ஓடுகிற டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். கையை ஆட்டினேன். அசையவில்லை. அப்போது ஒரு நர்ஸ் வந்து, "இன்னொரு தடவை அந்த மெஷின்ல தலைய வைக்கணும், வாங்கய்யா" என்றாள். முருங்கை மரத்தடியில் கேட்ட "அம்மா" இவள்தான் போலிருக்கிறது. அவர் எழுந்தார். எழுந்து திரும்பியபோது நேராக என்மேல் வந்து மோதினார்.

"மன்னிச்சுக்கங்கம்மா, பாக்கல" என்றார். அப்புறம்தான் முகத்தை நிமிர்த்தி நேருக்கு நேர் பார்த்தார். "அட... நீயா?"

எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அவர் எழுந்த அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். கண்ணில் பிரஷராம். நேரே பார்த்தால் ஊசி முனை வரைக்கும் தெரிகிறது; இரண்டு பக்கமும் மெல்ல மெல்லப் போய்விட்டது. வலது பக்கம் சுத்தம். போனது போனதுதான், மீதியாவது நிற்க வேண்டுமானால் ஆயுசுக்கும் சொட்டு மருந்து விட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"எப்பத்துலேர்ந்து?"

"தெரியல. கொஞ்சங் கொஞ்சமா போனா எப்பிடித் தெரியும்? படகு இடிச்ச அன்னிக்குத்தான் எனக்கே சந்தேகம் வந்துச்சு."

சந்தேகம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதும் எனக்கு எங்கேயோ சுருக்கென்றது. "அப்ப அந்த ஆளு..."

"அவரு ஒதுங்கித்தான் போயிருப்பாரு. நான்தான் பாக்காம திருப்பியிருக்கேன்."

"யோவ், ஒரு வருஷமா தெரிஞ்சுக்கிட்டா வாய மூடிக்கிட்டு இருந்த? அந்த மனுஷன் உப்ப அள்ளி சத்தியம் பண்ணாரே! பொண்ணு கல்யாணத்துக்கு நாதியில்லாம நின்னாரே!" பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "சொன்னா சுக்கான் போயிடும்டி. எங்கப்பன் புடிச்ச சுக்கான். என்னோட முடியப்போறதுதான், தெரியும். இன்னும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு..."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாரி." டிக்கெட்டை மடித்துக்கொண்டே, "அதுவும் இல்ல. சொன்னா நம்ப மாட்ட. குடிச்சுட்டு கத வுடுறான்னுதான் சொல்லுவ" என்றார்.

அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் நான் விடவில்லை. இந்தக் கண்ணோடு மறுபடியும் அம்மன் படகில் ஏறினால், பூசாரியும் மேளக்காரர்களும் உங்கள் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டேன். பஞ்சாயத்தில் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். "நானே சொல்றேன். நீ கம்முனு இரு" என்றார். அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. காப்புக் கட்டுகிற அன்றைக்குக் கையை நீட்டிக் கட்டிக்கொண்டும் வந்துவிட்டார். மஞ்சள் கயிற்றைப் பார்த்ததும், உண்மையை முழுங்கிவிடுவார் என்று முடிவே கட்டிவிட்டேன். நானே போய்ச் சொல்லலாம்தான். ஆனால் ஊரில் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் வாயால், சொந்தப் புருஷனைப் பற்றி இதைச் சொன்னால் எவன் நம்புவான்? புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று சிரிப்பார்கள்.

மகத்தன்று சாயங்காலம் கடற்கரையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். உப்பளத்து ஆட்கள் எல்லாம் வேலையை முடித்துக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். தார்ப்பாய்களை ஒவ்வொன்றாக உருவினார்கள், ஒவ்வொன்றுக்கும் விசில். எங்கள் சிங்கத்துக்குக் கண் எரிந்தபோது குழந்தைகள் வீறிட்டன. வடக்குக் குப்பத்துக்காரர் படகு மட்டும் அலங்காரம் இல்லாமல் மணலில் ஏறிக் கிடந்தது. அவர் அதன்மேல் சாய்ந்து கைகட்டி நின்றார். பக்கத்தில் அவர் மனைவி. அவள் என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

பூசாரி கலசத்தோடு ஏறினார். மேளக்காரர்கள் ஏறினார்கள். என் வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் படகின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தாவி ஏற வேண்டியதுதான் பாக்கி. "ஏறப்பா, நேரமாவுது" என்று பஞ்சாயத்துப் பெரியவர் ஒருத்தர் குரல் கொடுத்தார். அவர் ஏறவில்லை. பாவி மனுஷன், ஏறிவிடாதே, ஏறிவிடாதே என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் உடம்பை முழுசாகத் திருப்பிக் கரையைப் பார்த்தார். தேடினார். கண்டுபிடித்ததும், "ஏம்பா, வடக்குக் குப்பத்துக்காரரே! நீ வந்து சுக்கான் புடி" என்றார்.

மேளம் நின்றது. அந்த மனிதர் நகரவில்லை. கட்டிய கையை அவிழ்க்கக் கூட இல்லை. "இன்னாத்துக்கு? இந்த வருஷமும் எம்மேல எதுனா பழி போடணுமா? ஏற வுட்டு, சாமி படகத் தொட்டுட்டான்னு சொல்லப்போறீங்களா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"பழி இல்லப்பா. எனக்கு ரெண்டு பக்கமும் கண்ணு தெரியல. போன வருஷம் நீ ஒதுங்கித்தான் போன. உன்ன நான் பாக்கல."

பஞ்சாயத்துப் பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. பழக்கத்தில், "அதெப்பிடி, அம்மன் படகு இடிக்காதே" என்றார்.

"அம்மன் படகு இடிக்கல. நான் இடிச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர். அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்தது அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, மாமனார் செத்தபோது.

யாரோ ஒரு குழந்தை மட்டும் சிங்கம் எப்போது போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. வடக்குக் குப்பத்துக்காரர் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். "இப்பவாவது நம்புறீங்களா டீச்சர்?" என்றாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெல்லக் கேட்டாள். அவள் கையைப் பிடித்தேன். உருவிக்கொண்டாள். பிடிக்க விட்டிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

காப்புக் கட்டாதவன் எப்படி ஏறுவது என்று ஒருத்தர் இழுத்தார். பூசாரி படகிலிருந்தே ஒரு மஞ்சள் துண்டையும் கயிற்றையும் நீட்டினார். "கட்டிட்டாப் போச்சு. இதுக்கு மேலயும் அம்மா காத்துக்கிட்டு இருப்பாளா?" என்றார். பஞ்சாயத்துப் பெரியவர்தான் அதை வாங்கிக்கொண்டு மணலில் ஏறிப் போனார். வடக்குக் குப்பத்துக்காரர் ரொம்ப நேரம் அந்தக் கயிற்றையே பார்த்தார். அப்புறம் கையை நீட்டினார்.

கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் போகும்போது அவர் தோளைப் பிடித்து ஒரு அடி நகர்த்திவிட்டு, தாவி ஏறிச் சுக்கானைப் பிடித்தார். கோபமாகப் பிடித்தாரா, அன்பாகப் பிடித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மேளம் முழங்கியது. எங்கள் வீட்டுச் சுக்கான் எங்கள் வீட்டை விட்டுப் போனது.

என் வீட்டுக்காரர் நனைந்த வேட்டியோடு கரையேறி என் பக்கத்தில் வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் ஊர்வலத்தை நாங்கள் சேர்ந்து நின்று பார்த்தது கிடையாது. அவர் எப்போதும் படகில், நான் கரையில். வடக்குப் பக்கம் பார்த்து நின்றோம். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சம் போட்டுக்கொண்டு போயின. அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

"வலது பக்கம் இன்னா போவுது?" என்றார்.

"ஒரு கப்பல். அதுக்குப் பின்னாடி மீன் மாரி ஒண்ணு, வால் ஆடுது."

"நம்ம சிங்கம் திரும்புற எடத்துக்குப் போயிடுச்சா?"

"திரும்புது. நல்லாத்தான் திருப்புறாரு. பக்கத்துல யாரும் இல்ல."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவர் தலையாட்டினார். "இனிமே நீ சொல்றதுதான் எனக்கு ரெண்டு பக்கமும். நான் நம்பித்தான ஆவணும்."

கோபமாகச் சொல்லவில்லை, இளக்காரமாகவும் சொல்லவில்லை. முப்பது வருஷத்தில் இந்த மனிதர் சொன்ன ஒரு வார்த்தையைக் கூட நான் விசாரிக்காமல் எடுத்துக்கொண்டதில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கடலில் ஒரு பெரிய அலை எழும்பி எங்கள் பக்கமாக வந்தது. அவருக்கு வலது பக்கம்.

"ரெண்டு அடி பின்னால வாங்க" என்றேன்.

ஏன், எதுக்கு என்று கேட்காமல் பின்னால் வந்தார்.